உளி படாத மட்கார்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று தோட்டத்தில் சொல்வார்கள். தப்பு. மூக்கு நுனியில் இருந்தால் ஒரு தும்மலில் போய்விடும். எனக்கு அது கையில் இருக்கிறது. அந்தக் கையில்தான் அன்றைக்கு மச்சான் ஐயாவு உளியைக் கொடுத்தான். முதலில் அதுவரை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பத்துமலை. பத்துமலை முருகனுக்குத் தைப்பூசம் நடக்கிற வாரத்தில் பிறந்தேன் என்று அப்பா வைத்த பெயர். பேராக்கில் கம்பிப்பால ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த நான், கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, காம்பாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் முகம்மது கௌஸ் ராவுத்தரின் வாடகைக் காருக்கு டிரைவரானேன். என் மனைவி இருளாயி இன்னும் அதே தோட்டத்தில்தான் பால் வெட்டுகிறாள். அதனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடு எங்களுக்கு நிலைத்தது.

தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு நாலு மைல். அதில் ஒரு மைல் மணல். இருபத்தாறாம் வருஷக் கடைசியில் வந்த பெருவெள்ளம் பழைய ஈயலம்பத்தின், அதாவது ஈயச் சுரங்கத்தின், கரையை உடைத்து, ஈயத்தைக் கழுவியெடுத்த பின் ஒதுக்கிப் போட்டிருந்த மணலையெல்லாம் வாரிவந்து ரோட்டின் மேல் கொட்டிவிட்டுப் போனது. மாவு போல வெள்ளை மணல். கார் அதில் வேகமாக ஓடினால் தப்பித்தது. நின்றதோ, பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். சுற்றச் சுற்றத் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும்.

அப்படி ஒரு குழியில்தான் என் முதல் பிள்ளை போனது.

வெள்ளம் வந்த மறு வருஷம், மாசி மாதம். இருளாயிக்கு விடிந்ததும் வலி கண்டது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பிள்ளை கால் முன்னால கிடக்கு, இங்க வச்சு ஒண்ணும் ஆகாது, பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றார். கொண்டு போனேன். மணலின் நடுவில் எதிரே ஒரு மாட்டு வண்டி வந்தது. வழிவிட ஒரு கணம் நின்றேன். எட்டு மணிக்கு நின்ற கார், பதினொரு மணிக்கு நாலு மாடு கட்டி இழுத்த பிறகுதான் வெளியே வந்தது. அதற்குள் பின்சீட்டிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பெண் குழந்தை. மூச்சே இல்லை. மணலோரம் ஒற்றையாய் நிற்கும் இலவமரத்தின் அடியில் புதைத்துவிட்டு, இருளாயியைக் கூட்டிக்கொண்டு திரும்பினேன்.

அதற்குப் பிறகு தினம் இரண்டு தடவை அந்த மரத்தைத் தாண்டிப் போகிறேன். நிறுத்த முடியாது. ஆகவே ஹாரன் அடிப்பேன். "எதுக்குப்பா இங்க ஹாரன்?" என்று வண்டியில் இருப்பவர்கள் கேட்பார்கள். மாடு என்பேன். கால்நடையாய்ப் போய் அங்கே நின்றதும் உண்டு. அது வேறு. எந்த வண்டி நின்றதால் என் பிள்ளை போனதோ, அந்த வண்டி அங்கே நின்று, பிறகு தானாகக் கிளம்ப வேண்டும். அது நடக்காத வரைக்கும் என்னை டிரைவர் என்று கூப்பிடுகிறவன் என்னைக் கிண்டல் செய்வதாகவே எனக்குத் தோன்றும்.

அடுத்த வருஷம் இருளாயி மறுபடி முழுகாமல் இருந்தாள். கார்த்திகையில் பிள்ளை என்று டிரெசர் கணக்குச் சொன்னார். கார்த்திகை என்றால் நல்ல மழைக்காலம். மணலுக்கு அடியில் தண்ணீர் ஊறி, மேலே காய்ந்தது போல் நடிக்கும் காலம்.

"நீ என்ன செய்வியோ எனக்குத் தெரியாது" என்றாள் இருளாயி. பால் சுமந்துவந்த காண்டா வாளியை இறக்கி வைத்த கையோடு சொன்னாள். "இந்தத் தடவ வண்டி மணல்ல நிக்கக் கூடாது. அழுவுறதுக்கு எனக்கு இன்னொரு தெம்பு இல்ல."

"நிக்காது" என்றேன். எப்படி நிற்காது என்று அப்போது எனக்கே தெரியாது.

வழி ஆவணியில் கிடைத்தது. கோப்பேங் வளைவில் ஒரு துரையின் புதுக் கார் பள்ளத்தில் உருண்டது. சங்கிலி போட்டு அதை மேலே இழுக்க ஈப்போ பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே ஆ லோங் என்னைக் கூப்பிட்டார். முன்பக்கம் நசுங்கிய பப்பாளி. பின்சக்கரங்கள் மட்டும் பழுதில்லாமல் இருந்தன. அவற்றில் இருந்தது அப்போது புதிதாய் வந்த பலூன் டயர். நாங்கள் குண்டு டயர் என்போம். என் காரின் டயரைவிட ஒரு கட்டைவிரல் அகலம் கூடுதல். காற்றும் குறைவாகத்தான் வேண்டும். மணலில் அழுந்தாமல், ஒட்டகத்தின் பாதம் போலப் பரந்து நிற்கும். கூலிக்குப் பதிலாக அந்த இரண்டு டயரையும் ரிம்மோடு கேட்டேன். ஆ லோங் ஒரு கணம்கூட யோசிக்காமல் கொடுத்தார். பிறகுதான் என் காரின் பின்னால் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"போக மாட்டா. மட்கார்ட் தடுக்கும்." இரண்டு விரலைக் கத்தரிக்கோல் போல ஆட்டிக் காட்டினார். "போத்தோங் லா. எல்லாரும் வெட்டுறான்."

விஷயம் இதுதான். பின்சக்கரத்தின் மேல் கவிந்திருக்கும் மட்கார்டுக்கு வெளிப்பக்கம் ஒரு மடிப்பு தொங்கும், உதடு மாதிரி. பழைய ஒல்லி டயருக்கு அது தாராளம். குண்டு டயர் போட்டால் உரசும். அந்த உதட்டை உளியால் வெட்டி எறிவதுதான் பேராக் முழுக்க எல்லாப் பட்டறையிலும் வழக்கம்.

ஆனால் மட்கார்டு ராவுத்தருடையது. அவரிடம் போய்க் கேட்டேன். அவர் பருப்பு மூட்டையின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்.

"டயரு மாத்து, வேணாங்கல. மழைக்காலம் முடியறவரைக்கும் வண்டி உன் லய வாசல்லயே நிக்கட்டும், அதுவும் வேணாங்கல. ஒன் பொஞ்சாதி விசயம் எனக்குத் தெரியாதா? ஆனா பத்துமல, மட்கார்டுல உளி பட்டுச்சு, சாவிய அரிசி மூட்ட மேல வச்சிட்டு அப்படியே நடந்து போயிரணும்."

"முதலாளி, ஒரு அங்குலம்..."

"அந்தப் பழைய டிரைவரும் ஒரு அங்குலம்னுதான் சொன்னான். சேறு தெறிச்சு, கோர்ட்டு ஐயாவோட வெள்ளக் கால்சட்டையெல்லாம் செம்மண்ணு. போலீசு வண்டிய ரெண்டு மாசம் ஓட்டவிடாம நிறுத்திப் போட்டுச்சு. இந்த மட்கார்டு ரெண்டும் நான் புதுசா அடிச்சுப் போட்டது. உன் புள்ள மேல சத்தியமா சொல்லு, உளி வைக்க மாட்டேன்னு."

பிறக்காத பிள்ளையின் மேல் சத்தியம் செய்தேன். பாம்பும் சாக வேண்டும், தடியும் முறியக் கூடாது. வேறு வழியில்லை.

ரப்பர் பாலை உறைய வைத்துத் தகடாக்கும் தோட்டத்து ஸ்டோரில் எஞ்சினையும் உருளைகளையும் பார்த்துக்கொள்ளும் ஐயாவு எனக்கு மச்சான் முறை. இரும்பு வேலையும் தெரியும், மர வேலையும் தெரியும். வாயை மூடிக்கொண்டிருக்க மட்டும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் காரின் கீழ் நுழைந்தோம்.

"வெளிப்பக்கம் எடம் இல்ல. உள்பக்கம் பாரு மச்சான், ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் நடுவுல மூணு வெரலு சும்மா கெடக்கு" என்றான்.

அவன் சொன்னது சரி. மரச்சக்கரத்துக்கும் ரிம்முக்கும் இடையில் ஒரு இரும்பு வளையம் உண்டு. அது சக்கரத்தின் உள்பக்கம் இருந்தது. அதைக் கழற்றி வெளிப்பக்கம் போட்டுப் பூட்டினால் ரிம் உள்ளே தள்ளி உட்காரும். சாயந்தரத்துக்குள் இரண்டு பக்கமும் மாற்றிவிட்டோம். டயரில் காற்று அடித்து, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் விரலை விட்டேன். இரண்டு விரல் இடைவெளி. அந்தப் பக்கமும் இரண்டு விரல். ஐயாவு என் முதுகில் அடித்த அடி மறுநாள்வரை வலித்தது.

அங்கேதான் நாங்கள் செய்த மடத்தனம். இடைவெளியை அளந்தபோது காரில் ஒருவரும் இல்லை. யாரும் ஏறவில்லை. புது டயருக்குப் பூசை போடாமல் வண்டியில் ஏறக் கூடாது என்று லயத்துப் பிள்ளைகளையெல்லாம் நானே அதட்டி விரட்டியிருந்தேன். வெறும் வண்டியை அளந்துவிட்டு வெற்றி என்று நினைத்தோம். ஈப்போவிலோ சிங்கப்பூரிலோ எந்த மெக்கானிக்கும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். சாமிக்குப் பயந்தவன்தான் செய்வான்.

அந்த வாரச் சவாரியெல்லாம் பழைய டயரில் ஓட்டிவிட்டு, அடுத்த ஞாயிறு குண்டு டயரை மாட்டி, மாரியம்மன் கோவில் முன்னால் பூசை. பூசாரி நாலு சக்கரத்துக்கும் சந்தனம் வைத்தார். இருளாயிக்கு அது போதவில்லை. குங்குமத்தைச் சந்தனத்தில் குழைத்து, அந்த இரண்டு குண்டு டயரின் பக்கவாட்டிலும் தோள்பட்டையிலும் விரலால் இழுத்து இழுத்துப் பூசினாள். ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்து பூசியதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. எலுமிச்சம்பழம் நாலும் நசுங்கின. பூசை முடிந்ததும் பதினோரு பேர் காரில் ஏறினார்கள். ஐந்து பேருக்கான கார் அது. மீதிப் பேர் இடது பக்கத்துப் பலகைப் படியில் தொற்றிக்கொண்டார்கள்.

ஸ்டோர் வளைவு வரைக்கும் சந்தோஷம். வளைவில் திரும்பியதும் பின்னாலிருந்து கர்ர்ரென்று சத்தம். பிறகு நாற்றம். ரப்பர் தோட்டத்தில் ரப்பர் கருகும் நாற்றம் தெரியாதவர்கள் யார்? எல்லோரும் ஒரே சமயத்தில் இறங்கி மூக்கைப் பிடித்தார்கள்.

"குண்டு டயருக்குப் பசி லா. மட்கார்டத் திங்குது!" என்றார் கங்காணி. சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு பேரோடு நல்ல ரோட்டிலேயே உரசும் வண்டி, ஒரு பிரசவக்காரியை மணலில் எப்படிக் கொண்டு போகும்?

ஐயாவு ஓடிப்போய் ஸ்டோரிலிருந்து உளியும் சுத்தியலும் கொண்டுவந்தான். "சத்தியம் கித்தியம்லாம் அப்பறம் பாத்துக்கலாம் மச்சான். ஒரு அங்குலம் வெட்டினா தீந்துச்சு. ராவுத்தர்கிட்ட நான் கால்ல வுழுவுறேன்."

உளியை வாங்கினேன். மட்கார்டின் உதட்டில் வைத்தும்விட்டேன். சுத்தியலை ஓங்கினேன்.

"அடி" என்றாள் இருளாயி. "அடிச்சிட்டு, ராவுத்தரு சாவிய வாங்கிக்கிட்டுப் போனப்பறம், கார்த்திகையில என்னய எதுல கொண்டு போவ? ஒந்தலையிலயா?"

ஓங்கிய கை நின்றது. அவள் மேலும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சுத்தியல் ரப்பர் காட்டுக்குள் பறந்திருக்கும். அவள் சொல்லவில்லை. மட்கார்டுக்குக் கீழே குனிந்து, தலையைத் திருப்பி உள்ளே பார்த்தாள். எழுந்து அந்தப் பக்கம் போய் அங்கேயும் பார்த்தாள்.

"இங்க வாங்க ரெண்டு பேரும். மரத்துல கத்தி எங்க ஆழமாப் போச்சுன்னு மரமே காட்டும்ல? இதுவும் காட்டுது."

இடது மட்கார்டின் உள்ளே, பின்பக்க ஓரத்தில், ஒரு கை நீளத்துக்குக் குங்குமம் சிவப்பாய் இழுத்திருந்தது. அவள் டயரில் பூசிய குங்குமம். வலது மட்கார்டின் உள்ளே ஒரு பொட்டுக்கூட இல்லை. துடைத்து வைத்தது போல் சுத்தம்.

"ரெண்டு பக்கமும் ஒரசலயா?" என்றான் ஐயாவு.

"வலது பக்கம் தொடவே இல்ல. அதயும்ல வெட்டியிருப்பீங்க!" என்றாள் இருளாயி.

உளியை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். காரின் இடது பக்கம் மட்டும் ஏன் இறங்க வேண்டும்? இதே கேள்வியை ஒரு வாரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நான் புத்திசாலி. மறுபடி கீழே நுழைந்தேன். இடது ஸ்பிரிங்கில் சாக்குத் துணி சுற்றிக் கிரீஸ் அப்பியிருந்தது. பழைய டிரைவரின் வேலை. மெனக்கெட்டுத் துணியை அவிழ்த்தேன். உள்ளே இரண்டாவது பட்டை ஒடிந்து, கம்பியால் கட்டி வைத்திருந்தான் அந்தப் புண்ணியவான். இரண்டு வருஷமாய் ஒடிந்த ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்து ஊரைச் சுற்றியிருக்கிறேன். ஒல்லி டயர் இருந்தவரைக்கும் இடைவெளி தாராளமாக இருந்ததால் தெரியவில்லை. இடது படியில் தொற்றும் ஆட்களும், இடது பக்கமாகவே கட்டும் வாழைத்தாரும் அதை மேலும் மேலும் அமுக்கியிருக்கின்றன.

அன்றைக்கு நான் யாரையும் திட்டவில்லை. என்னைத்தான் திட்டிக்கொண்டேன். அதுவும் சத்தமாக.

பிறகு ஒரு மாதம் விடாமல் உழைத்தோம். பகலில் சவாரி, சாயந்தரமும் ஞாயிறும் இந்த வேலை. நசுங்கிய துரைக் காரிலிருந்து ஒரு ஸ்பிரிங் பட்டையை ஆ லோங்கிடம் கேட்டு வாங்கினேன். ஒரு விரல் நீளமாக இருந்தது. ஐயாவு அதைக் காய்ச்சி வெட்டி வளைத்தான். முதல் தடவை வளைவு தப்பியது. இரண்டாம் தடவை உட்கார்ந்தது. அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் கொடுக்க, ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் செங்கால் மரத்தில் கட்டை செதுக்கினோம், ஒரு அங்குல உயரம். அதனால் வண்டியின் உடம்பும் மட்கார்டும் ஒரு அங்குலம் மேலே எழும். கட்டை போட்டதும் பழைய போல்ட்டு எட்டவில்லை. புது போல்ட்டு அடித்தான். போல்ட்டு போட்டதும் பிரேக் கம்பி இழுபட்டுச் சக்கரம் இறுகியது. கம்பியை நீட்டினோம். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று முறைத்துக்கொள்ளும். எனக்கு எத்தனை தடவை ஆத்திரம் வந்தது என்று எண்ணவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் இருளாயியின் வயிறு கண்ணில் படும். மறுபடி கீழே நுழைவேன்.

இந்தத் தடவை அளந்தது அவள். குங்குமம் வேண்டாம் என்றாள். பால் வாளியின் அடியில் மிஞ்சிய ரப்பர் பாலைத் தென்னை மட்டையால் டயரின் தோளில் பூசினாள். வெள்ளையாய் இருக்கும், நன்றாய்த் தெரியும், காசும் இல்லை.

"இப்ப வண்டி நெறயணும். கனமா இருக்கிறவங்க எல்லாம் இடது பக்கம் ஏறுங்க" என்றாள்.

லயத்து வாசலில் இருபது பேர் நின்றார்கள். ஒருவர்கூட நகரவில்லை. தங்களைக் கனம் என்று யார்தான் ஒப்புக்கொள்வார்கள்? கடைசியில் கங்காணி மனைவி நல்லம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என்னடி பாக்குறீங்க? நானே ரெண்டாளு. எந்தப் பக்கம் ஒக்காரணும் சொல்லு இருளாயி."

அவள் ஏறியதும் மற்றவர்களுக்கும் வெட்கம் விட்டது. பன்னிரண்டு பேர். மூன்று பேர் இடது படியில். மணல் வரைக்கும் போய்த் திரும்பினோம். இருளாயி குனிந்து பார்த்தாள்.

"கட்ட வெரலு அளவுக்கு வெள்ள ஒட்டியிருக்கு."

இடது கட்டையை அரை அங்குலம் உயர்த்தினோம். அடுத்த ஞாயிறு ஒட்டியிருந்த வெள்ளையைச் சுரண்டிவிட்டு மறுபடி பால் பூசி, மறுபடி நல்லம்மாளை ஏற்றி, மறுபடி போய்வந்தோம். குனிந்தவள் வெகுநேரம் பார்த்தாள். கையை உள்ளே விட்டுத் தடவியும் பார்த்தாள். எழுந்தபோது விரலில் தூசிதான் இருந்தது.

"ஒண்ணுமே இல்ல" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அழுவதற்குத் தெம்பு இல்லை என்று சொன்னது பொய்.

ஐப்பசி கடைசியில் ராவுத்தர் கணக்குப் பார்க்க அல்ல, மட்கார்டு பார்க்கவே தோட்டத்துக்கு வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உதட்டு மடிப்பு முழுக்க விரலை ஓட்டினார். ஒரு பள்ளம் இல்லை, ஒரு கீறல் இல்லை. பிறகு குனிந்து இடது மட்கார்டின் உள்ளே பார்த்தார்.

"என்னப்பா இது செவப்பா?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டே இருளாயி நடந்ததைச் சொன்னாள்.

"தொடச்சிரட்டா முதலாளி?" என்றேன்.

"எதுக்கு? உள்ளதான இருக்கு. என் ஸ்பிரிங்கு ஒடஞ்சத எனக்குச் சொன்ன பொட்டு அது. இருந்துட்டுப் போவட்டும்." காரைச் சுற்றி இன்னொரு தடவை வந்தார். "வலி கண்டா எனக்கு ஆள் அனுப்பிக் கேட்டுக்கிட்டு நிக்காத. போய்க்கிட்டே இரு."

கார்த்திகை பிறந்து நாலாம் நாள். இரண்டு நாள் மழைக்குப் பிறகு வெளுத்த காலை. நான் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இருளாயி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வண்டிய எடு."

அவ்வளவுதான் சொன்னாள். பின்சீட்டில் அவளை நல்லம்மாளின் மடியில் சாய்த்துப் படுக்க வைத்தோம். முன்னால் ஐயாவு, கையில் மண்வெட்டியோடு. எதற்கும் இருக்கட்டும் என்றான். பின்டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு ஏறினேன். மணல் தொடங்கும் இடத்தில் நான் சாமி கும்பிடவில்லை. கும்பிட்டால் கை ஸ்டீயரிங்கை விடும்.

மணலின் மேல் பரப்பு காய்ந்து மினுங்கியது. உள்ளே ஈரம். முன்சக்கரம் ஒல்லி, அது கோடு கிழித்துக்கொண்டு போனது. பின்னால் வந்த குண்டு டயர் அந்தக் கோட்டை அமுக்கி மூடிக்கொண்டு வந்தது. கால் மைல். அரை மைல். இருளாயி பல்லைக் கடித்துக்கொண்டு முனகும் சத்தம் எஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்டது.

வந்தது பாருங்கள் மாட்டு வண்டி. போன தடவை போலவே, எதிரே, நடுப்பாதையில், விறகு ஏற்றிக்கொண்டு.

"நிக்காத மச்சான்!" என்று கத்தினான் ஐயாவு.

நிற்கவில்லை. ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். பாதையை விட்டுக் கார் சரிவில் இறங்கியது. அதுவரை சக்கரமே படாத மணல். வண்டி முழுவதும் இடது பக்கம் சாய்ந்தது. நல்லம்மாளின் கனமும் இருளாயியின் கனமும் இடது ஸ்பிரிங்கின் மேல் இறங்கின. நான் ரோட்டைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்க்கவில்லை. என் காது மட்டும் பின்னால் இருந்தது. கர்ர் என்று ஒரு சத்தம் வந்தால் டயர் பிடிக்கும், வேகம் குறையும், குழி தோண்டும், எல்லாம் முடியும். மாட்டு வண்டியின் அச்சு என் கதவை உரசாத குறையாகப் போனது. காது கொடுத்துக் கேட்டேன். மணல் நசுங்கும் சத்தம். எஞ்சின். இருளாயியின் மூச்சு. வேறு எதுவும் இல்லை.

மறுபடி பாதையில் ஏறியபோது முன்னால் இலவமரம். பின்னாலிருந்து இருளாயி சொன்னாள், "நிக்காத. ஹாரன் மட்டும் அடி."

அடித்தேன். அந்த மைல் முடிந்து சக்கரம் செம்மண்ணைத் தொட்டதும் ஐயாவு மண்வெட்டியைக் காலடியில் போட்டான். அது என் கால்விரலில் விழுந்தது. நான் அதற்குக்கூடத் திட்டவில்லை.

பத்து காஜா ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்தார், கதவு மூடியது, கதவு திறந்தது. அதற்கு நடுவில் இருந்த நேரத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பெண் குழந்தை அழுத சத்தம் வராந்தாவரைக்கும் கேட்டது. என்னைப் போலக் கோபக்காரி என்று நல்லம்மாள் சொன்னாள். ஐயாவு சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். நான் வெளியே போய் இடது மட்கார்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டாம் நாள் இருவரையும் கூட்டிக்கொண்டு திரும்பினேன். பின்சீட்டில் இருளாயி, மடியில் பிள்ளை. பக்கத்தில் காம்பாரிலிருந்து ராவுத்தர் கொடுத்தனுப்பிய அரிசி மூட்டை, பருப்பு, நல்லெண்ணெய் டின். நல்ல கனம். மணலில் ஏறி, கால்வாசி வந்திருப்போம்.

"நிறுத்து" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். இலவமரம் இடது பக்கம் நின்றது. நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். கார் மணலில் மெல்ல உட்கார்ந்து நின்றது. எஞ்சினை அணைக்காமல் இறங்கினேன். அவளும் பிள்ளையோடு இறங்கி மரத்தடிக்குப் போனாள். நானும் போனேன். துணியை விலக்கிப் பிள்ளையின் முகத்தை அந்த மண் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"ஒந்தங்கச்சி" என்று மண்ணிடம் சொன்னாள்.

அவசரப்படவில்லை. திரும்பி வந்து ஏறினோம். கியரைப் போட்டு, கிளட்சை விரலளவு விரலளவாய் விட்டேன். பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது. என் உயிரும் அதோடு சுற்றியது. பிறகு குண்டு டயர் மணலை அப்பிப் பிடித்தது. கார் தானாக, யாரும் இழுக்காமல், மாடு கட்டாமல், நின்ற இடத்திலிருந்து எழுந்து நகர்ந்தது.

கொஞ்ச தூரம் போனதும் இருளாயி கேட்டாள், "ஹாரன் அடிக்கலயா?"

"எதுக்கு? அதான் நின்னு சொல்லிட்டு வந்தோமே" என்றேன்.